மூளை உள்வைப்பும் கேட்கப்படாத கேள்வியும்

அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2021 நவம்பரில் அந்நாட்டு மக்களிடம் மூளையில் பொருத்தும் சிப் பற்றிக் கருத்துக் கேட்டது. அறிவாற்றலைக் கூட்டிக்கொள்ள அதைப் பரவலாகப் பயன்படுத்துவது சமூகத்துக்குக் கேடு என்றோர் 56 விழுக்காட்டினர். நன்மை என்றோர் 13 விழுக்காட்டினரே. உடல் செயலிழந்தோர் அசைவதற்கு உதவுமானால் அதே சிப்பை வரவேற்போம் என்றோரோ 77 விழுக்காட்டினர். மேம்பாட்டுக்கு எதிர்ப்பு, மருத்துவத்துக்கு ஆதரவு என்றே இவ்வெண்கள் வழக்கமாக வாசிக்கப்படுகின்றன. அவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் முழுமையற்றது. அந்த 77 விழுக்காட்டினரில் பெரும்பாலோர் பிறர் உடலைக் குறித்தே விடை சொல்லியிருக்கிறார்கள். யாருக்காக அது வேண்டும் என்கிறார்களோ, அவர்களின் நிலைப்பாட்டை ஏற்பு, மறுப்பு என்ற இரண்டில் ஒன்றாக வகைப்படுத்த முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்கள் முன்வைப்பவை நிபந்தனைகள். அவை அனுபவத்தில் விளைந்தவை.

முதல் நிபந்தனை, எது தேவை என்று தங்களைக் கேட்க வேண்டும் என்பது. தேவை எது என்பதிலேயே கருத்து வேறுபடுகிறது. தாமும் தண்டுவடக் காயமுற்றவரான கிம் ஆண்டர்சன், அவ்வாறே காயமுற்ற 681 பேரின் முன்னுரிமைகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார். கைகால் நான்கும் செயலிழந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதலிடம் தந்தது கைகளின் இயக்கத்துக்கு. கால்கள் மட்டும் செயலிழந்தோர் முதலிடம் தந்தது பாலியல் செயல்பாட்டுக்கு. சிறுநீர், மலம் கழித்தலைக் கட்டுக்குள் வைப்பது இரு பிரிவினருக்கும் முக்கியமாக இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பதையே மீட்சியின் உச்சமாகக் காட்டும் விளம்பரப் படங்களில் இவற்றுக்கு இடமில்லை. வேண்டாததைத் தர முன்வந்துவிட்டு, பெற்றுக்கொள்ளத் தயங்குவோரைத் தொழில்நுட்ப அச்சம் கொண்டவர்கள் என்பது நியாயமாகாது.

காது கேளாதோரின் வரலாறு இதை இன்னும் தெளிவாக்குகிறது. உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி தூண்டுவது மூளையையன்று, செவிநரம்பைத்தான். ஆயினும் நரம்பு உள்வைப்புகளில் இதன் பயன்பாட்டைப் பற்றியே மிக நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை முதல் அதைப் பொருத்தலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1990இல் ஒப்புதல் தந்தது. மறு ஆண்டே அந்நாட்டின் தேசியக் காது கேளாதோர் சங்கம் அம்முடிவைக் கடுமையாகக் கண்டித்தது. ஒப்புதல் நடைமுறையில் காது கேளாதோரைக் கலந்தாலோசிக்கவில்லை என்பது அதன் முதன்மையான முறையீடுகளுள் ஒன்று. இந்தக் கண்டனத்தைப் பண்பாட்டுப் பிடிவாதம் என்று பலர் எழுதினர். பிடிவாதமாயின் அது நீடித்திருக்க வேண்டும். அதே சங்கம் 2000இல் வெளியிட்ட அறிக்கை, கருவியைப் பல வழிகளுள் ஒன்றாக ஏற்று, முடிவெடுக்கும் பெற்றோரின் உரிமையை மதித்தது. கூடவே, கருவி பொருத்திய குழந்தைக்கும் சைகைமொழிச் சூழல் வேண்டும் என்று வலியுறுத்தியது. சங்கம் கருவியை ஏற்றபோதும் சைகைமொழியைக் கைவிடவில்லை. எதிர்ப்பின் இலக்கு முதலிலிருந்தே கருவி மட்டுமாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது நிபந்தனை தொடர்ச்சி பற்றியது. செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவிக்கு 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 60 மின்முனைகள் வழியே ஒளியின் சாயல்களை மட்டும் உணர்த்திய அக்கருவியை உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டனர். 2019இல் நிறுவனம் அதைக் கைவிட்டு, மூளையின் பார்வைப் புறணியில் பொருத்தும் ஓரியன் கருவிக்குத் தாவியது. அடுத்த ஆண்டே நிதி நெருக்கடியில் பெரும்பாலான ஊழியர்களை நீக்கியது. கருவி கண்ணுக்குள் இருக்க, பழுது பார்க்கவோ உதிரிப்பாகம் தரவோ ஆளில்லாமல் போயிற்று. உடலுக்குள் இருக்கும் ஒரு பொருளின் ஆயுள், அதை விற்றவரின் வங்கிக் கணக்கைப் பொறுத்தது என்ற நிலையைச் சட்டம் அனுமதித்தது. இது நடந்ததைக் கண்ட ஒருவர் அடுத்த கருவிக்குத் தயங்கினால் அது அறியாமையாகுமா?

கடும் நிபந்தனைகள் புதுமையைத் தடுக்கும், பேச்சும் அசைவும் இழந்து காத்திருப்போரைத் தண்டிக்கும் என்பது எதிர்வாதம். அதில் உள்ள தவிப்பு உண்மையானது. ஆனால் மூளைக்குள் மின்முனை பதிக்கும் ஆழ்மூளைத் தூண்டல் என்ற முறை வேறொன்றைக் காட்டுகிறது. பார்க்கின்சன் நோய்க்காக 2002இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற இம்முறையை உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றிருக்கிறார்கள். அதன் மின்கலம் தீரும், மாற்ற வேண்டும், மாற்றித்தர மருத்துவமனைகளும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். பராமரிப்பு உறுதியாக உள்ள இடத்தில் மண்டையோட்டில் துளையிடுவதற்கும் மனிதர் இசைகிறார்கள்.

பராமரிப்பு பற்றிய இக்கேள்வி இங்கும் எழுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவையைக் கட்டணமின்றித் தருவது பெரும் சாதனை. வெளியே அணியும் ஒலிச்செயலியோ தேயக்கூடியது. குழந்தை வளர்ந்து முதியவராகும்வரை பலமுறை மாற்ற வேண்டியது. அந்தச் செலவையும் சேர்த்தே திட்டத்தின் வெற்றியைக் கணக்கிட வேண்டும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அவர்களை ஆய்வுக்கு உட்படுத்துமுன் அவர்தம் விருப்ப இசைவோடு ஒரு குழுவின் முன் அனுமதியும் வேண்டும் என்கிறது. அக்குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களின் பதிவுபெற்ற அமைப்பினராகவோ இருக்க வேண்டும். ஆய்வுக்கு மட்டும் உரிய இவ்விதியை மூளை உள்வைப்புகளின் விற்பனை ஒப்புதலுக்கும் விரிக்க வேண்டும். கருவியைப் பராமரிக்கவும், தேவைப்பட்டால் அகற்றவும் ஆகும் செலவை நிறுவனம் முன்கூட்டியே வைப்புநிதியாகக் கட்டாத வரை எந்த மூளை உள்வைப்புக்கும் இந்நாட்டில் உரிமம் தரலாகாது.