மணிமுத்தாற்றில் இட்ட பொன்

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம் என்பதை வாசகர்கள் அறிவர். அவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலோடு இணைந்த கதைகளுள் இரண்டு, இறையருளை மட்டுமே பேசுவன என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவை கூலியைப் பற்றிய கதைகளும் ஆகும் என்பதை எனக்கு உணர்த்தியவள், ஒரு காலத்தில் என் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்த வணிகவியல் மாணவி.

முதற்கதை தலபுராணத்தைச் சார்ந்தது. திருப்பணி செய்த விபசித்து முனிவர், வேலையாட்களுக்கு நாள்தோறும் வன்னி மரத்தின் இலைகளை உருவி அளித்தார். அவரவர் உழைத்த அளவுக்கு அவை பொன்னாயின. இக்கதையில் கணக்கர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. உழைப்பை இலையே அளந்துவிடுகிறது. கூலிக்காரனின் கனவு இதைவிட வேறென்ன இருக்கக்கூடும்?

இரண்டாவது கதையைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். முதுகுன்றத்தில் சுந்தரர் பன்னீராயிரம் பொன் பெறுகிறார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணிக்கிறான். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பழமொழியோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. ஆனால் சுந்தரர் ஒரு காரியம் செய்கிறார். ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் மாதிரிக்கெனச் சிறிது வெட்டி எடுத்துக்கொள்கிறார். அதற்கு மச்சம் என்று பெயர். ஆரூர்க் குளத்தில், பரவையார் பார்த்து நிற்க, பொன் கிடைக்கிறது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது! மீண்டும் பாடிய பின்னரே அது ஒத்து வருகிறது. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார். (பதினைந்து ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லிவந்த நான், அந்த மச்சத்தின் பொருட்டு ஒருநாளும் நின்றதில்லை.)

அம்மாணவி இப்போது சென்னையில், பிற நிறுவனங்களின் ஊதியக் கணக்கைப் பொறுப்பேற்று நடத்தும் ஒரு நிறுவனத்தில், இம்ப்ளிமென்டேஷன் பிரிவில் பணியாற்றுகிறாள். "ஐயா, மச்சம் வெட்டுவதுதான் என் வேலை" என்றாள் ஒருமுறை. விளக்கம் கேட்டேன். ஒரு தொழிற்சாலை தன் ஊதியப் பட்டியலை வெளியாரிடம் ஒப்படைக்கும்போது, ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், சேர்ந்த நாள், வங்கிக் கணக்கு, வைப்புநிதி எண், மீதமுள்ள விடுப்பு, கடன் தவணை ஆகிய அனைத்தும் பழைய ஏட்டிலிருந்து புதிய கணினிக்கு இடம்பெயர வேண்டும். அதன்பின் இரண்டு மாதங்களேனும் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே ஊதியத்தைக் கணக்கிட்டு, ஆள்வாரியாக ஒப்பிடுவார்கள். அதற்குப் பேரலல் ரன் என்று பெயராம். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் காரணம் காட்டியாக வேண்டும்.

இது புதுத்தொழில் என்று நினைப்போர் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களை நினைவுகூர்தல் நலம். முதலாம் இராசராசன் பிற கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயர், முன்பிருந்த ஊரும் கோயிலும், இப்போது எத்தெருவின் எச்சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டப்பட்டது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளக்க வேண்டிய மரக்காலின் பெயர்கூட உண்டு, ஆடவல்லான். ஒருத்தி இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதியில்லையெனில் தகுதியுடைய ஒருவரைத் தெரிந்து வைக்க வேண்டும். அரசாணையின் பெருமிதத்தைப் போற்றுவோர் பலர். என்னை ஈர்ப்பது அவ்வேலையைச் செய்த, பெயர் தெரியாத கணக்கர்கள். ஓலையில் இருந்ததைக் கல்லுக்கு மாற்றுகையில் ஒரு வீடு விடுபட்டிருந்தால், அவ்வீட்டில் உலை என்னவாகியிருக்கும்?

மேலைநாட்டில் 1949இல் அமெரிக்காவின் பேட்டர்சன் நகரில் ஹென்றி டாப் தொடங்கிய ஆட்டோமேடிக் பேரோல்ஸ் நிறுவனமே பின்னாளில் ஏடிபி ஆயிற்று. இங்கிலாந்தில் லயன்ஸ் என்னும் தேநீர்க்கடை நிறுவனம் தானே உருவாக்கிய லியோ கணினியில் 1954 முதல் தன் ஊழியர் ஊதியத்தைக் கணக்கிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஊதியக் கணக்கையும் கூலிக்குச் செய்து கொடுத்தது. வரலாறு இவ்வாறு விரையும். அதில் விடுபடுவதை என் மாணவி சொன்னாள்.

ஒரு தொழிற்சாலையின் ஒப்பீட்டில், இரவுப்பணி ஆட்கள் அனைவருக்கும் புதிய கணக்கில் சிறுதொகை குறைந்தது. விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. தேடியபோது, ஓய்வுபெறவிருந்த பழைய கணக்கர் ஆண்டுக்கணக்காகத் தேநீர்ப்படி என்று தம் வழக்கமாகவே சேர்த்து வந்தது தெரிந்தது. எழுத்தில் இல்லாததை விட்டுவிடலாம் என்றார் மேலாளர். இவள் விடவில்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு குறைகிறது, எத்தனை ஆண்டு வழக்கம் என்று எழுதி, விட்டுவிடுவதானால் கையொப்பமிட்டு விடுங்கள் என்று கேட்டாள். கையொப்பமிட எவரும் முன்வரவில்லை. ஒன்பது நாள் கழித்து அப்படி விதிப்புத்தகத்தில் ஏறியது.

அவள் பிடிவாதத்தின் வேர் எனக்குத் தெரியும். அவள் தந்தையார் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கும் ஒரு சிறு பட்டறையில் டஜன் கணக்கில் கூலிக்கு உழைத்தவர். எண்ணிக்கையைச் சுவரில் சாக்கட்டியால் குறிப்பார்கள், சனிக்கிழமை அழித்துவிடுவார்கள். அழிக்குமுன் தம் எண்ணிக்கையை மட்டும் பீடிக்கட்டு அளவிலான ஒரு நோட்டில் அவர் எழுதிக்கொள்வாராம். கூலி வாங்கும்போது அந்நோட்டை வெளியே எடுத்ததே இல்லை. சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

21 நவம்பர் 2025 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்து, ஊதியம் எது, படி எது என்னும் வரையறையே மாறிவிட்டது. எல்லா நிறுவனங்களின் பட்டியல்களையும் மறுபடி உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். இவ்வாண்டு மாசிமகத்துக்கு ஊருக்கு வர இயலாது ஐயா, பேரலல் ரன் நடக்கிறது என்று தொலைபேசியில் சொன்னாள்.