வேரும் பங்கசும்: ஓர் உறவுக்குப் பெயரிட்ட வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று, சொற்களின் வரலாறுமாகும். ஓர் உண்மையைக் கண்டவன் அதற்கு இடும் பெயரிலே அவன் வாழ்ந்த சமூகத்தின் சாயலும் படிந்துவிடுகின்றது. மரத்தின் வேரும் மண்ணிலுள்ள பங்கசும் கொண்டுள்ள உறவை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இலைக்கன் என்பது தனித்த ஒரு தாவரமன்று, பங்கசும் அல்காவும் இணைந்த கூட்டு என்ற கருத்தைச் சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர் 1860களின் பிற்பகுதியில் வெளியிட்டார். அவ்விணைப்பை விளக்க அவருக்குக் கிடைத்த உவமை யாது? பங்கசு எசமான், அல்காக்கள் அடிமைகள். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1865இலேதான் என்பதை நினைவுகூர்ந்தால், இவ்வுவமை எந்தக் காலத்தின் குரல் என்பது விளங்கும்.

எசமான், அடிமை என்ற சொற்களை விலக்கி, நடுநிலையான சொல்லொன்றைத் தேடியவர் ஜேர்மனியரான அல்பேட் பேண்காட் பிராங்க் (1839–1900). இரு உயிரினங்கள் கூடி வாழ்வதைக் குறிக்கும் சொல்லொன்றை அவர் 1877இல் வழங்கினார். எது பெறுகிறது, எது இழக்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானியாத சொல் அது. அடுத்த ஆண்டு அன்ரன் டி பாரி அக்கருத்தை விரித்துரைத்தார். நாம் இன்று ஒன்றியவாழ்வு என வழங்குவது அதனையே.

பிராங்க்கைப் புகழுக்குரியவராக்கியது வேறொரு பணி. நிலத்தின் கீழே விளையும் விலையுயர்ந்த காளான் வகையான திரபிளைப் பயிரிட வழியுண்டா என ஆராயுமாறு பிரசிய அரசு அவரைப் பணித்தது. செல்வர் உணவுமேசைக்கான தேடல் அது. திரபிள் பயிர் கைகூடவில்லை. ஆனால் ஓக், பீச் முதலிய மரங்களின் நுண்வேர்களைத் தோண்டிப் பார்த்தவர், வேர்நுனிகளைப் பங்கசு இழைகள் உறைபோல் மூடியிருக்கக் கண்டார். நோயுற்ற மரத்தில் மட்டுமன்று, நன்கு செழித்த மரத்திலும் அவ்வாறே இருந்தது. 1885இல் அதற்குப் 'பங்கசு வேர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக இட்டார். மண்ணிலிருந்து நீரையும் உணவையும் உறிஞ்சித் தரும் பங்கசு மரத்தின் செவிலித்தாய் என்பது அவர் துணிபு. எசமான் செவிலியாகிவிட்டான்!

இத்தகைய உறவைப் பசியமற்ற ஒரு செடியின் வேரில் போலந்துத் தாவரவியலாளர் கமியென்ஸ்கி சில ஆண்டுகள் முன்னரே கண்டிருந்தார். எனினும் மரநோய் ஆய்வில் புகழ்பெற்ற றொபேட் ஹாட்டிக் உட்படப் பலர் பிராங்க்கின் கொள்கையை ஏற்கவில்லை. பிராங்க் சொற்போருடன் நின்றுவிடவில்லை. கிருமி நீக்கிய மண்ணிலும் இயல்பான மண்ணிலும் பைன் நாற்றுக்களை வளர்த்தார்; இயல்பான மண்ணின் நாற்றுக்களே செழித்தன. பின்னர் நடைமுறையும் அவர் பக்கம் நின்றது. பைன் இயற்கையாக வளராத புவேட்டோ றிக்கோவில் நட்ட நாற்றுக்கள் வாடின. 1950களில் பைன் காட்டு மண் கொண்டுவந்து இட்டபின்னரே அவை தழைத்தன.

இன்று நாம் அறிவது இன்னும் விரிவானது. நிலத்தாவர இனங்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வுறவு கொண்டவை. பங்கசு பொசுபரசையும் நைதரசனையும் தேடித் தருகின்றது. தாவரம் ஒளித்தொகுப்பால் ஆக்கிய வெல்லத்தை ஈடாகக் கொடுக்கின்றது. ஸ்கொத்லாந்தின் றைனி என்னுமிடத்துப் பாறைகளில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகளின் உள்ளேயே இத்தகைய பங்கசு கிடைத்துள்ளது. தாவரம் தரையில் குடியேறியது தனியாக அன்று.

ஆயின் இதனைக் கண்டு, 'இயற்கையே கூட்டுறவைப் போதிக்கின்றது' என முழங்கிவிடலாமா? முற்போக்காளராகிய நமக்கு அந்த ஆசை இயல்பானதே. போட்டியே இயற்கை விதி எனக் கூறிச் சுரண்டலுக்கு நியாயம் கற்பித்தோருக்கு எதிராக, 1902இல் குரோப்பொற்கின் பரஸ்பர உதவியை எடுத்துக்காட்டியது பெரும்பணிதான். ஆனால் கமியென்ஸ்கி ஆராய்ந்த அதே பசியமற்ற செடியின் கதையைக் கேளுங்கள். 1960இல் சுவீடனின் எறிக் பியோர்க்மன் கதிரியக்கக் காபன் கொண்ட வெல்லத்தை மரத்திற் செலுத்தினார். அது அச்செடியில் வந்து சேர்ந்தது. தான் ஒன்றும் ஆக்காது, பங்கசின் வழியே மரத்தின் உழைப்பை உண்ணும் செடி அது! ஒரே வலையில் ஈகையும் உண்டு, சுரண்டலும் உண்டு.

1997இல் சூசன் சிமார்டும் அவரது குழுவினரும் கனடாவில் ஒரு மரத்தின் காபன் வேறொரு மரத்தைச் சென்றடைவதைக் காட்டினர். அதிலிருந்து, தாய்மரம் பிள்ளைமரங்களைப் பேணுகின்றது என்ற சித்திரம் உலகெங்கும் பரவிற்று. காட்டில் கிடைத்த சான்றுகள் அச்சித்திரத்தைத் தாங்கப் போதியனவல்ல என 2023இல் அத்துறை ஆய்வாளர் மூவர் எச்சரித்தனர்.

எசமான், செவிலி, தாய் என உவமைகள் மாறின, வேர் மாறவில்லை. அடிமையுவமை கசக்கிறது என்பதற்காக அதனை மறுத்தால் மட்டும் போதாது, இனிக்கின்ற உவமையையும் அதே கண்டிப்புடன் சோதித்தல் வேண்டும். சுரண்டலற்ற சமுதாயம் வேண்டும் என்பதற்கு மண்ணுக்கடியிலிருந்து சாட்சி தேட வேண்டியதில்லை. அதற்குரிய நியாயம் மனிதரின் உழைப்பிலும் பசியிலும் இருக்கின்றது. மண்ணைத் தோண்டுவோர், பிராங்க்கைப் போல, தேடியது கிடையாதபோதும் கண்டதைச் சொல்லும் நேர்மையைக் கொண்டால் அதுவே போதும்.