நிலவறையில் பிறந்த விதை

செம்மஞ்சள் நிறக் கரட் கிழங்கைப் பற்றி ஒல்லாந்து நாட்டில் ஒரு கதை வழங்கி வருகிறது. ஒறேஞ்ச் வம்சத்து இளவரசன் வில்லியமைக் கௌரவிப்பதற்காகவே தோட்டக்காரர் அதற்கு அந்நிறத்தை உண்டாக்கினராம். இக்கதைக்குச் சான்று ஏதும் இல்லை. மக்கள் உழைப்பின் விளைவை மன்னர் கணக்கில் எழுதும் பழக்கம் காய்கறித் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதையே அது காட்டுகிறது.

உண்மை யாது? கரட் பயிரின் தொட்டில் ஆப்கானிஸ்தானை உள்ளிட்ட மத்திய ஆசியப் பிரதேசம். ஆங்கு ஊதா, மஞ்சள் நிறக் கிழங்குகளே பயிரிடப்பட்டன. அவை காலப்போக்கில் மேற்கே பரவி ஐரோப்பாவை அடைந்தன. மஞ்சள் இனத்தைத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்தே செம்மஞ்சள் இனம் உருவாகியது என்று ஒல்லாந்து அறிஞர் ஒட்டோ பங்கா 1957இல் விளக்கினார். 17ஆம் நூற்றாண்டில் அது ஒல்லாந்தில் வேரூன்றிவிட்டது.

தெரிந்தெடுத்தவர் யார்? அதனை அறிய நாம் அரண்மனைக்கன்று, குடியானவனின் நிலவறைக்கே செல்லல் வேண்டும்.

கரட் ஈராண்டுப் பயிர். முதலாண்டில் கிழங்கு, மறு ஆண்டிலேயே பூவும் விதையும். குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும் நாடுகளில், உழவர் கிழங்கைப் பிடுங்கித் தழையை நீக்கி, ஈரமணலில் அடுக்கி நிலவறையில் வைத்தனர். நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரும், 90 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனும் இருப்பின் கிழங்கு பல மாதங்கள் கெடாது. இளவேனில் வந்ததும், எஞ்சியவற்றுள் சிறந்தவற்றை மீண்டும் நட்டு விதை எடுத்தனர். அழுகியதற்கும் சுருங்கியதற்கும் சந்ததி இல்லை. குளிரைத் தாங்கிய கிழங்கே அடுத்த தலைமுறைக்குத் தாயாகியது. உணவு குறைந்த மாதங்களிலும் சில கிழங்குகளை உண்ணாது விட்டுவைத்த அந்தக் குடும்பங்களே உண்மையான பயிர் விஞ்ஞானிகள்.

ஒல்லாந்தின் பிளக்கே, பிரான்சின் சாந்தெனே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உருவான டான்வேர்ஸ் ஆகிய இனங்கள் நெடுநாள் சேமிப்புக்குப் பெயர்பெற்றவை. இம்மூன்றும் இடப் பெயர்கள். ஊர் கூடி ஆக்கியதற்கு ஊரின் பெயரே பொருத்தமன்றோ?

ஆனால் நிலைமை மாறியது. 1961இல் பாரிசில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, புதிய இனங்களை உருவாக்குவோரின் உரிமைக்குச் சர்வதேச அங்கீகாரம் அளித்தது. பழைய இனங்களைத் தந்த பெயரறியா உழவருக்கு அதில் இடமில்லை. பின்னர் கலப்பினக் கரட் பரவியது. அது ஒரே அளவாகவும் ஒரே வடிவாகவும் விளைகிறது. சந்தைக்கு அது வசதிதான். ஆயினும் அதன் விதையை எடுத்து விதைத்தால் தாயின் இயல்பு மாறாது வருவதில்லை. எனவே உழவன் ஆண்டுதோறும் விதைக் கம்பனியின் வாசலில் நிற்க வேண்டியவனாகிறான்.

இன்று பழைய இனங்களைத் தேடுவோரை வெறும் பழமை விரும்பிகள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. தேடிப் பெற்ற விதையைப் பெட்டியில் பூட்டி வைப்பதால் மட்டும் பயனில்லை. விதைத்து, நிலவறையில் சோதித்து, தாங்கி நின்றதை மீண்டும் நடுவோரின் கையிலேயே அவ்வினம் வாழும். விதை எவர் கையில் உள்ளதோ, நாளைய உணவும் அவர் கையிலேயே உள்ளது.