விழுந்த பகடையும் நடுவரின் சொல்லும்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட வந்த ஜப்பானிய விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் மிட்சுவோ புச்சிடா. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து அவை கிளம்பி வந்தன. எங்களூர் எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் ஒரு விமானம் விழுந்து குதம் பற்றி எரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு அன்றே மூழ்கியது. இவ்வளவும் சீனன்குடாப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை. ஒரு மாதம் கழிவதற்குள் அதே கடற்படையின் அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டிய கதையை மட்டும் எங்களூரில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

மே மாதத் தொடக்கம். ஹிரோஷிமாக் குடாவில் நங்கூரமிட்டிருந்த 'யமாட்டோ' போர்க்கப்பல். மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டத்தை மேசையில் ஆடிப் பார்க்கிறார்கள். தீவிலிருந்து கிளம்பும் அமெரிக்க விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கினால் எத்தனை குண்டு படும்? நடுவர்களில் ஒருவரான ஒகுமியா பகடையைப் போட்டார். ஒன்பது குண்டு பட்டதாக வந்தது. 'அக்காகி', 'காகா' இரண்டும் மூழ்கின. ஆட்டத்துக்குத் தலைமை வகித்த அட்மிரல் உகாக்கி குறுக்கிட்டார். ஒன்பதை மூன்றாக்கச் சொன்னார். 'அக்காகி' சிறு சேதத்தோடு தப்பியது. 'காகா' மூழ்கியதாகவே இருந்தது; ஆனால் அடுத்த கட்ட ஆட்டத்தில் அதுவும் உயிர்த்தெழுந்து வந்துவிட்டது. இதையெல்லாம் பின்னாளில் புத்தகமாக எழுதி வைத்தவர்கள் புச்சிடாவும் ஒகுமியாவும்தான். ஜூன் மாதம் மிட்வேயில் 'அக்காகி', 'காகா', 'சொர்யு', 'ஹிர்யு' நான்குமே போயின. 'காகா' தவிர்ந்த மூன்றும் ஏப்ரலில் எங்கள் கரைக்கு வந்தவை.

உகாக்கி பகடையை மதித்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. கதை சொல்லி, பாத்திரமேற்று, மேசையில் ஆடும் சிறு விளையாட்டுகளை எழுதி, போட்டோக்கொப்பி அடித்து விற்கிறவன் நான். இந்தத் தொழிலின் சரித்திரம் முழுக்க ஒரே கேள்வி ஓடுவதாக எனக்குப் படுகிறது: விழுந்த பகடையை மாற்ற யாருக்கு உரிமை?

முதலில் அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பிரஷ்ய இராணுவத்தினர். 1824இல் இளைய ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி ஒரு போர் விளையாட்டுக்கு விதிநூல் வெளியிட்டார். அதில் இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரியின் படையில் கண்ணுக்கு எட்டிய அளவையே நடுவர் படத்தில் வைத்துக் காட்டுவார். இழப்பைப் பகடை சொல்லும். ஜெனரலானாலும் லெப்டினன்டானாலும் மேசையில் ஒரே பகடைதான். 1880இல் சார்ள்ஸ் டொட்டன் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி 'ஸ்ட்ரெட்டிகோஸ்' என்ற விதிநூலை எழுதினார். ஆடுபவர் எதையும் செய்ய முயலலாம், நடக்குமா இல்லையா என்பதை நடுவர் தீர்க்கட்டும் என்பது அதன் போக்கு.

கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து, மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அந்தப் பழைய நூலைத் தேடிப் படித்தார். 1969இல் 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை நகரத்தை மேசையில் வைத்தார். படைத்தளபதிகளுக்கு மட்டும் வேலை கொடுக்காமல், வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வேடம் கொடுத்தார்: ஒருவர் நகரபிதா, இன்னொருவர் பல்கலைக்கழக மாணவர் என்று. அவர்கள் மேசையை விட்டெழும்பி மூலைக்கு மூலை நின்று சதி பேசத் தொடங்கினார்கள். வெஸ்லி ஆட்டம் குழம்பிவிட்டது என்று நினைத்தார். வந்தவர்களோ இன்னொரு தடவை வை என்று நின்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன், 'பிளாக்மூர்' என்ற தன் ஆட்டத்தை 1972 கடைசியில் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் கேரி கைகெக்ஸ் முன்னால் நடத்திக் காட்டினார். இந்த விளையாட்டு முதன்முதலில் விலைபோனது அங்கேதான் என்பேன். காசு கைமாறவில்லை, மேசையில் ஆடிப் பார்த்த கைகெக்ஸ் அதை விடவே இல்லை.

கைகெக்ஸ் காப்புறுதிக் கம்பனி வேலை போனபின் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். 1968இல் அதே ஊரில் தோட்டக்கலை மண்டபத்தை ஐம்பது டொலருக்கு வாடகைக்கு எடுத்து ஒரு சந்திப்பு வைத்திருந்தார். நூறு பேரளவில் வந்தார்கள். இன்று பல்லாயிரம் பேர் கூடும் 'ஜென் கொன்' அப்படித் தொடங்கியதுதான். 1973இல் நண்பர் டொன் கேயோடு ஒரு சிறு கம்பனி தொடங்கி, 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு கொப்பிகள், விலை பத்து டொலர், மொத்தம் ஆயிரம் பிரதி. பெட்டியில் கொப்பிகளை அடுக்கியது வீட்டில் வைத்துத்தான். ஒரு வருடத்துக்குள் முடிந்துவிட்டன. விதிகளைப் படித்து விளங்கி வாங்கியவர்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கொப்பிகள் அவ்வளவு சிக்கலானவை. யாரோ ஒருவரின் மேசையில் ஆடிவிட்டு வாங்கியவர்களே அதிகம் இருக்க வேண்டும்.

கம்பனி பெருத்தபோது பெட்டி கடைக்குப் போனது. மேசைக்கு மறுபடி வந்தவர்கள் சிறு ஆட்கள். ரொன் எட்வர்ட்ஸ் 1996இல் 'சோர்சரர்' ஆட்டத்தை மின்கோப்பாகத் தானே விற்றார். 2001இல் அது புத்தகமானது. அவரும் அவரைப் போன்றவர்களும் ஜென் கொன்னில் ஒரு கடையைப் பங்கு போட்டு எடுத்து, நிற்கிறவரை இருத்திக் கால்மணி நேரம் ஆடிக்காட்டி விற்றார்கள். 2019இல் கிக்ஸ்டார்ட்டர் தளம் சிறு கொப்பி ஆட்டங்களுக்கென்றே ஒரு மாதம் ஒதுக்கியது. அதற்குப் பிறகு இரண்டு பின் அடித்த கொப்பியும் ஒரு ஆட்டம்தான் என்று ஆகிவிட்டது.

என் கொப்பியும் அப்படிப்பட்டதுதான். ஏ4 தாளை மடித்து, திருகோணமலை நகரத்துக் கடையில் பிரதி எடுத்து, நடுவில் பின் அடித்தது. இருபது முகப் பகடை இங்கே பெட்டிக் கடையில் கிடைக்காது. லூடோப் பெட்டியில் வரும் இரண்டு பகடை போதும் என்று விதியை எழுதினேன். களம், 1942 ஏப்ரல் 8 இரவு. துறைமுகத்துக் கப்பல்கள் இருட்டோடு வெளியேறுகின்றன. காரணம் தெரியாத சீனன்குடாச் சனம் ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒருவர் குதத்துக் காவலாளி, ஒருவர் ரயில்வே போட்டர், ஒருவர் தோணிக்காரர், ஒருவர் ஆஸ்பத்திரித் தாதி. ரயிலில் கந்தளாய்ப் பக்கம் போகலாம், தோணியில் கிண்ணியாவுக்குப் போகலாம், இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

வாசிகசாலை மண்டபத்தில் நடந்த சிறு விளையாட்டுச் சந்திப்பில் இதை வைத்தேன். தோணிக்காரன் ஒரு பள்ளிக்கூடப் பெடியன். போட்டர், உண்மையிலேயே ரயில்வேயில் இருந்து இளைப்பாறிய ஐயா ஒருவர். நடுக் குடாவில் தோணி காற்றில் சிக்கியது. பெடியன் போட்டான்: இரண்டு பகடையும் ஒன்று.

"அண்ணை, கை தட்டுப்பட்டிட்டுது. திருப்பிப் போடட்டே?"

"சின்னப் பெடியன்தானே தம்பி, விடுங்கோவன்" என்றார் ஐயா.

"இல்லை ஐயா. விழுந்தது விழுந்ததுதான்."

பெடியனின் முகம் சுருங்கியது. தோணி சேற்றில் ஏறி நின்றது. உள்ளே தாதியும் இரண்டு குழந்தைகளும். விடிய இன்னும் கொஞ்ச நேரந்தான். ஐயா தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போட்டர் ரயிலால இறங்குறான். லாம்பை எடுத்துக்கொண்டு கரைக்குப் போறான்" என்றார். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்களும் கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்கள். திரும்பப் போட விட்டிருந்தால் தோணி கிண்ணியாவுக்குப் போயிருக்கும். ஐயா ரயிலில் ஏறிப் போயிருப்பார். அந்த லாம்பு அந்த மேசைக்கு வந்தே இராது.

ஆட்டம் முடிந்து முதல் கொப்பியை வாங்கியவர் ஐயாதான். பேரப் பிள்ளைகளுக்கு நடத்த வேண்டுமாம். "நடுவர் ஆரும் ஆகலாமோ?" என்று கேட்டார். ஆகலாம் என்றேன், ஆனால் வீட்டில் மூத்தவர் என்பதற்காகப் பகடையை மாற்ற ஏலாது என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டு காசைத் தந்தார்.

பெரிய கம்பனிக்கு அழகான பெட்டி இருக்கிறது, நிறப் படம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. மடித்துப் பின் அடித்த கொப்பியோடு வருகிறவனுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆள் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த மேசையில் விழுந்தது விழுந்தபடி நிற்கும் என்ற நம்பிக்கை ஒன்றைத்தான் அவன் கொடுக்க முடியும். அதைப் பெட்டியில் அடைத்து விற்க முடியாது. இருத்தி ஆடிக் காட்டத்தான் வேண்டும். ஆகவே சந்திப்புக்குக் கொப்பி கட்டும்போது, விற்பனைப் பலகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்து பேர் வசதியாக இருக்கக்கூடிய மேசை ஒன்றைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறேன்.