சோக் இழுத்த காலம்
மௌலா அலி பக்கம் டிசம்பர் காலையில் நல்ல குளிர். பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்!

1983-இல் வந்த அந்த வண்டியில் கார்புரேட்டர்தான். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும். திரும்பத் தள்ள மறந்தால் கரும்புகை, பெட்ரோல் நாற்றம். 2000-இல் எம்பிஎஃப்ஐ வந்ததும் அந்த வேலையை கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. அது குளிரில் லேசில் ஆவியாகாது. பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும்.

ஆகவே மூக்கை நம்புங்கள். செல்ஃப் அடித்து அடித்து நாற்றம் வந்தால் பிளக் நனைந்திருக்கலாம், சற்றுப் பொறுங்கள். ராத்திரி நின்ற வண்டியில் சாவி போடுமுன்பே நாற்றமா? கசிவாக இருக்கலாம். செல்ஃப் அடிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு பொறி போதும்.