'ரோஜர்' என்றால் 'சரி' இல்லையா? விமானியும் கண்ட்ரோலரும் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்?

"கூடலூர் வந்துட்டேன்" என்று யாராவது போனில் சொன்னால், அடுத்த கேள்வி "கம்பம் பக்கமா, ஊட்டி பக்கமா?" என்பதாகத்தான் இருக்கும். தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். இங்கிலீஷ் போர்டைப் பார்த்தால் கடலூரும் வந்து சேர்ந்துகொள்ளும். திருப்பிக் கேட்காமல் விட்டால் அதிகபட்சம் பஸ் மாறிப் போகும். விமானத்தில் அப்படி விட முடியாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுப் போகிற விமானங்களும் யாருடனாவது பேசிக்கொண்டேதான் போகின்றன. இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என 4 பெரிய பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேனி மாவட்டத்தின் வானம் சென்னைப் பகுதிக்குள் வருகிறது.

திருப்பிச் சொல்லணும்!

கண்ட்ரோலர் ஒரு உயரம் சொன்னால், விமானி அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் 'ரீட்பேக்'. அது சரியா என்று கண்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்டு, தவறு இருந்தால் உடனே திருத்த வேண்டும். சினிமாவில் எதற்கெடுத்தாலும் 'ரோஜர்' என்பார்கள். உண்மையில் அதற்கு 'நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது' என்பது மட்டும்தான் அர்த்தம். 'சொன்னபடி செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ' என்று தனி வார்த்தை இருக்கிறது. இரைச்சலில் எண்கள் மாறிக் கேட்கக் கூடாது என்பதற்காக 3-ஐ 'ட்ரீ' என்றும், 5-ஐ 'ஃபைஃப்' என்றும், 9-ஐ 'நைனர்' என்றும் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதற்கெல்லாம் பின்னால் பெரிய விலை இருக்கிறது.

349 உயிர்களைப் பறித்த அந்த மாலை

1996 நவம்பர் 12. டெல்லியில் இருந்து சவுதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747 புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்காக வளைகுடா போகிற இந்தியர்கள் அதில் ஏராளம். எதிர்த் திசையில் கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் இல்யூஷின் 76 டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது டெல்லிக்கு வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையைத்தான் பயன்படுத்தின. உயரம் மட்டும்தான் வித்தியாசம்.

கண்ட்ரோலர் கொடுத்த உத்தரவு தெளிவானது. கஜக் விமானம் 15,000 அடிக்கு இறங்கலாம், சவுதி விமானம் 14,000 அடிக்கு ஏறலாம். நடுவில் 1,000 அடி இடைவெளி. எதிரே சவுதி விமானம் வருகிறது என்று கஜக் விமானத்துக்கு எச்சரிக்கையும் கொடுத்தார். பதிலும் வந்தது.

ஆனால் கஜக் விமானம் 15,000-த்தில் நிற்கவில்லை. அதற்கும் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. சவுதி விமானத்தில் 312 பேர், கஜக் விமானத்தில் 37 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடுவானில் நடந்த மோதல்களில் இன்றுவரை இவ்வளவு உயிர்களைப் பறித்தது வேறு இல்லை.

கண்ட்ரோலர் இதை ஏன் பார்க்கவில்லை? பார்க்க முடியாது என்பதுதான் பதில். டெல்லியில் அப்போது இருந்த ரேடாரில் விமானம் எங்கே இருக்கிறது என்று புள்ளி தெரியும், எவ்வளவு உயரத்தில் என்பது தெரியாது. விமானத்தில் இருந்து வாயால் சொல்கிற உயரம்தான் கணக்கு. அந்தப் பேச்சு தப்பினால், தடுக்க இன்னொரு வழியே கிடையாது.

விசாரணை நடத்திய நீதிபதி ஆர்.சி. லஹோட்டி கமிஷன், அனுமதித்த உயரத்துக்குக் கீழே கஜக் விமானம் இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்றது. அந்தக் குழுவுக்குப் போதிய ஆங்கிலம் தெரியாததால் உத்தரவைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றும் சொன்னது. கண்ட்ரோலருடன் பேசியது ரேடியோ ஆபரேட்டர், விமானத்தை ஓட்டியது வேறு ஆள். ஆபரேட்டருக்கென்று தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலநிலையால் விமானம் ஆட்டம் கண்டது என்பது கஜக் தரப்பு வாதம். கமிஷன் அதை ஏற்கவில்லை.

ஆங்கிலம் மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் கேஎல்எம் விமானம் டேக் ஆஃப் அனுமதி இல்லாமலேயே ஓடத் தொடங்கியது. 'காத்திருங்கள்' என்று கண்ட்ரோலர் சொன்னதும், 'நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்' என்று பான் ஆம் விமானி சொன்னதும் ஒரே நேரத்தில் ரேடியோவில் மோதி, கேஎல்எம் விமானிகளுக்கு வெறும் கீச்சொலியாகக் கேட்டது. 583 பேர் பலி. அதன் பிறகு, அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றானது. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'தான்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படை விமானத்திடம் 'நம்பர் 1, காத்திருக்கும் இடத்துக்கு வாருங்கள்' என்றார் கண்ட்ரோலர். வரிசையில் முதல் இடம் என்பது அர்த்தம். ரன்வேக்குள் போகவே அனுமதி கிடைத்துவிட்டதாகக் கேப்டன் நினைத்துக்கொண்டார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியதில் காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். ரீட்பேக் சரியாகத்தான் இருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

சர்க்கி தாத்ரிக்குப் பிறகு டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. எதிரே விமானம் நெருங்கினால் விமானிக்கே 'ஏறு', 'இறங்கு' என்று சொல்லும் டிகாஸ் கருவி இந்தியாவில் கட்டாயமானது. சர்வதேச விமானங்களின் விமானிகளும் அவர்களுடன் பேசும் கண்ட்ரோலர்களும் ஆங்கிலத்தில் 6 படிகளில் குறைந்தது 4-ஆம் படியில் இருக்க வேண்டும் என்பது 2008-இல் அமலுக்கு வந்த உலக விதி.

தேனிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கண்ட்ரோலர் வேலைக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். இயற்பியலும் கணிதமும் படித்த பிஎஸ்சி பட்டதாரிகளும் இன்ஜினியரிங் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வில் பாஸ் செய்த பிறகு வாய்ஸ் டெஸ்ட் ஒன்றும் இருக்கிறது.