மாமரத்தடியில் தாட்ட ஹார்ட் டிஸ்க்

எங்கட மாமா கிளிநொச்சியில் தட்டெழுத்து, போட்டோக்கொப்பி கடை வைத்திருந்தவர். 2002 யுத்தநிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பிறகு வாங்கின ஒரு கொம்பியூட்டர், ஜெனரேற்றரில் ஓடும். கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், எல்லாத்தையும் விடக் கூடுதலாக அந்தியேட்டிக்குக் குடுக்கிற நினைவு மலர். 2008 கடைசியில் சனம் தருமபுரம், விசுவமடு எண்டு நகரத் தொடங்கினபோது, முழு மெஷினைத் தூக்க ஏலாது எண்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டினார். பொலித்தீனில் சுத்தி, பிஸ்கட் ரின்னுக்குள்ள வைத்து, மாமரத்தடியில் தாட்டுவிட்டுப் போனார். 2010 இல் மீள்குடியேறி வந்து பார்க்க வீடு இல்லை, மாமரம் நிண்டது. ரின் முழுக்கக் கறள். டிஸ்க்கில் கறள் இல்லை.

நான் வரலாறு படிக்கிற பிள்ளை. எனக்கு அந்த டிஸ்க் ஏன் முக்கியம் எண்டால், நினைவு மலரில்தான் எங்கட சனத்தின் வரலாறு கிடக்குது. ஆர் எந்த ஊரில் இருந்து எப்ப வன்னிக்கு வந்தது, எந்தக் குடியேற்றத்திட்டத்தில் காணி கிடைத்தது, ஆர் ஆருக்கு மச்சான் எண்டதெல்லாம் வேற எந்தக் கந்தோர்ப் பதிவிலும் ஒரே இடத்தில் கிடைக்காது. அச்சடித்த பிரதிகள் இடம்பெயர்வுகளில் போட்டுது. ஆவண இழப்பு எண்டதும் நாங்கள் 1981 இல் எரிந்த யாழ் நூலகத்தைச் சொல்லுவம், சரிதான். 2005 இல் தொடங்கின நூலகம் திட்டம் தப்பின தாள்களை ஸ்கான் பண்ணிச் சேர்த்து வருகுது. ஆனால் தாளே இல்லாமல் பைலாக மட்டும் மிஞ்சினதை ஸ்கான் பண்ண ஏலாது.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற நண்பன் ஒருவன் முதலில் செய்தது, டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதி எடுத்தது. மூலத்தைத் திரும்பத் தொடக்கூடாது எண்டது அவன்ர சட்டம். சுவடி வாசிக்கிற ஆக்களுக்கும் இதே சட்டம்தான். பிரதியில் பைல்கள் தெரிந்தன. திறந்தால் ஒண்டும் விளங்கேல்லை. எல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் செய்தவை. பக்கம் பக்கமாக உள்ளபடி பார்க்க வேணுமெண்டால் மாமாவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பியையே எழுப்ப வேணும். அதற்குத்தான் மெய்நிகர் இயந்திரம்: லப்டொப்புக்குள்ள மென்பொருளால் செய்த இன்னொரு கொம்பியூட்டர்.

எழுப்பினோம். எக்ஸ்பியின் அடையாளப் படம் வந்து, உடனே நீலத்திரை. 7பி எண்டு முடியிற பிழை எண்.

காரணம் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. கொம்பியூட்டர் தொடங்கேக்க முதல் கொஞ்சத்தை பயோஸ் டிஸ்க்கில் இருந்து வாசித்துக் குடுக்கும். அதுக்குப் பிறகு விண்டோஸ் தன்ர சொந்த டிரைவரால் வாசிக்க வேணும். எக்ஸ்பி தான் நிறுவப்பட்ட மெஷினில் என்ன டிஸ்க் கட்டுப்படுத்தி இருந்ததோ அதின்ர டிரைவரை மட்டும் தொடக்கத்திலேயே எழுப்பும்படி பதிந்து வைக்கும். நண்பன் புதுப்பழக்கத்தில் சாட்டா கட்டுப்படுத்தியில் கொழுவியிருந்தான், எக்ஸ்பிக்கு அந்த வாசல் தெரியாது. பழைய ஐடிஇக்கு மாத்தினான். திரும்பவும் நீலம். மாமாவின் மெஷின் வியா சிப் உள்ளது. மெய்நிகர் இயந்திரம் காட்டுறது இன்டெல் சிப்.

அந்த இன்டெல் சிப்புக்கும் ஒரு கதை இருக்கு. ஒரு கணினிக்குள்ள பல கணினிகள் எண்ட யோசனை ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் 1967 இலேயே ஓடினது. 1972 இல் விஎம்/370 எண்டு விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு பயனருக்கும் பெரிய டிஸ்க்கில் ஒரு துண்டை வெட்டி, இதுதான் உன்ர டிஸ்க் எண்டு காட்டினார்கள். 1999 இல் விஎம்வெயார் அதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டு வந்தது. 2007 இல் வேர்ச்சுவல்பொக்ஸ் வந்தது. இவை உண்மையான பழைய சிப்புகளைப் போல நடிக்கும், ஏனெண்டால் பழைய விண்டோஸிடம் அவற்றுக்கான டிரைவர் ஏற்கனவே இருக்கும். அதனால்தான் 1990களின் பிற்பகுதியில் வந்த பிஐஐஎக்ஸ்4 எண்ட சிப் கடைகளில் செத்தும் மென்பொருளுக்குள்ள உயிரோட திரியுது. நடிப்பு மெதுவாக்கும் எண்டு, ரஸ்ரி ரசல் எண்ட அவுஸ்திரேலியர் எழுதின வேர்ட்டியோ 2008 இல் லினக்ஸில் சேர்ந்தது. நான் மெய்நிகர்தான் எண்டு அது வெளிப்படையாகச் சொல்லும். வேகம் கூட, ஆனால் அதற்குரிய டிரைவரை நீங்கள்தான் போட வேணும். எங்களுக்கு வேகம் தேவையில்லை. நடிப்புத்தான் தேவை.

கடைசியில் இன்னொரு எக்ஸ்பியை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவி, மாமாவின் டிஸ்க் பிரதியை இரண்டாவதாகக் கொழுவினோம். ரெஜிஸ்ட்ரியை அங்க திறந்து, இன்டெல் ஐடிஇ டிரைவரைத் தொடக்கத்திலேயே எழும்பும்படி மாத்தி, அந்தச் சிப்பின் அடையாள எண்ணையும் சேர்த்து, டிரைவர் பைலையும் உரிய இடத்தில் போட்டோம். சொல்ல நாலு வரி. செய்ய ரெண்டு நாள், நடுவில ஒருக்கா கரண்டும் போட்டுது.

மூன்றாம் நாள் பச்சைப் புல்வெளி வோல்பேப்பர் வந்தது. மாமா பின்னுக்கு நிண்டவர், ஒண்டும் பேசேல்லை. பேஜ்மேக்கரில் 2004 ஆம் ஆண்டு மலர் ஒண்டைத் திறந்தோம். வம்சவரலாறு, நாலு தலைமுறை, புலோலியில் இருந்து வட்டக்கச்சிக்கு வந்த கதை. படங்கள் சிலது இல்லை, அவை வேற டிஸ்க்கில் இருந்தவையாம். மாமா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு ரகரம் பிழை, அப்பவே அந்த வீட்டுக்காரர் ஏசினவை, இப்ப திருத்தவா எண்டு கேட்டார்.

வேண்டாம் மாமா, அப்பிடியே இருக்கட்டும் எண்டு சொன்னன்.